உன் நிச்சயத்தில் அப்பாதான் பேசுவார்

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குகிற நிலையில் நான் இல்லை. கோபமாக இருக்கிறேன். ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று நேற்று முழுவதும் பொறுத்துப் பார்த்தேன். வீட்டில் இருந்த திரைச்சீலை எல்லாவற்றையும் கழற்றித் துவைத்தேன். ஆறவில்லை. நீ இருக்கும் கமுந்திங்குக்கு டெலிபோன் பண்ணலாம் என்றால் தெரு முனையில் இருக்கும் சீனக் கடையில் நின்றுதான் பேச வேண்டும். நான் பேசப் போவதைக் கேட்டால் இங்கே புந்தோங்கில் பாதிப் பேர் அன்றைக்கு வேலைக்குப் போக மாட்டார்கள். அதனால் எழுதுகிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாவது வரை படித்த கை இது. உனக்கு முதல் எழுத்தைப் பிடித்து எழுத வைத்ததும் இந்தக் கைதான். பாதியில் மடித்து வைக்காமல் கடைசி வரைக்கும் படி.

ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது, பழத்தட்டு எத்தனை, பெண்ணுக்குச் சேலை என்ன நிறம், வேன் யாருடையது என்றெல்லாம் பேசி முடித்தோம். எழுந்திருக்கும்போது, சட்டைப் பையில் சாவியைத் தேடிக்கொண்டே, கடைக்குப் போய் உப்பு வாங்கி வரச் சொல்வதுபோல் ஒன்று சொன்னாய். “அம்மா, அங்க பொண்ணு கேக்குற வார்த்தைய பெரிய மாமாவே பேசட்டும். அப்பா சும்மா பட்டு வேட்டி கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா போதும். அவரு பேசுனா உளறுற மாதிரி இருக்கும். யாருக்கும் புரியாது லா.”

நம் வழக்கம் உனக்குத் தெரியாததில்லை. தட்டு மாற்றுவதற்கு முன்னால் மாப்பிள்ளையைப் பெற்றவர் எழுந்து நின்று, சபை கேட்கும்படி, பெண்ணைக் கேட்க வேண்டும். அப்பன் செத்துப்போன வீட்டில்தான் மாமன் எழுந்து பேசுவது. உன் அப்பா சாகவில்லை. பின்பக்கம் குழாயடியில் கை கால் கழுவிக்கொண்டிருந்தார். நீ அந்த வார்த்தையைச் சொன்னதும் தண்ணீர்ச் சத்தம் நின்றது. நீ கவனிக்கவில்லை. மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாய்.

ஒரு மாதமாக அவர் அந்த ஒரே வரியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார், அது தெரியுமா உனக்கு? குளிக்கும்போது, சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது, சட்டையில் பித்தான் போடும்போது, “எங்க மகனுக்கு உங்க மகளக் கேட்டு சபையோட வந்திருக்கோம்” என்று. எந்த இடத்தில் சத்தம் மூக்குக்குப் போகிறது என்று கண்டுபிடித்து அங்கே வேறு வார்த்தையைப் போட்டுப் பார்ப்பார். “இப்ப எப்படி இருக்கு?” என்று என்னைக் கேட்பார். “போன வாட்டியவிட நல்லாருக்கு” என்பேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்தச் சத்தம் வீட்டில் இல்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை.

அவர் பேசுவதை நான் இங்கே தெளிவாகவே எழுதுகிறேன். எனக்கு அப்படித்தான் கேட்கிறது. அண்ணத்தில் பிளவோடு பிறந்த மனிதர். உதட்டை மட்டும் ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் யாரோ புண்ணியவான் தைத்து விட்டிருக்கிறார். உள்ளே இருந்தது அப்படியே நின்றுவிட்டது. பேசும் காற்று வாய்க்கு வராமல் மூக்கு வழியே போய்விடுகிறது. விஷயம் அவ்வளவுதான். புத்தியில் பிளவு கிடையாது. இதை நீ உன் இருபத்தைந்தாவது வயதில் என்னிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

உளறல் என்றாயே, உளறல் என்றால் என்னவென்று யோசித்தாயா? அறிவைக் கழற்றி வைத்துவிட்டு வாய்க்கு வந்ததைப் பேசுவது உளறல். உன் பெரிய மாமா, என் கூடப் பிறந்த அண்ணன்தான், மே தினக் கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் பேசினாரே, அதைச் சொல் உளறல் என்று, நான் கை தட்டுகிறேன். நம் ஆட்கள் இந்த ஒரு விஷயத்தில் கஞ்சத்தனமே பட்டதில்லை. குளறுவாயன், கொன்னவாயன், திக்குவாயன், ஊமைக்கோட்டான் என்று வாரி வாரிப் பெயர் வைத்திருக்கிறார்கள். உன் அப்பா அத்தனையும் கேட்டிருக்கிறார். ஆனால் இரண்டு வயதுக் குழந்தைக்கு எழுத்து விழுந்தால் அது மழலை. தூக்கி வைத்து முத்தம் கொடுக்கிறோம். கடை முதலாளி திருவிழாவில் குடித்துவிட்டு நாக்குப் புரண்டால், பாவம், அசதியாக இருக்கிறார் என்று நாற்காலி போடுகிறோம். மண் சுமக்கிறவன் வாயில் எழுத்து விழுந்தால்தான் உளறல். யார் வாய் என்று பார்த்துவிட்டுத்தான் பெயர் வைக்கிறார்கள். நீயும் பார்த்துவிட்டுத்தான் வைத்தாய்.

வேலைக்கு வைத்திருக்கும் பெயர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. மேடையில் ஏறினால் பாட்டாளிப் பெருமக்களே என்று மாமா கை கூப்புவார். மாலையைக் கழற்றியவுடன் வீட்டுக்குள் வந்து, “இந்தக் கூலிப் பயலுவளுக்கு எவ்வளவு சொன்னாலும் ஏறாது” என்பார். கிராணியாக இருந்தவர், பேனா பிடித்த கை, சொல்லத்தான் செய்வார். நீயோ அவரையும் மிஞ்சிவிட்டாய். தொழிற்சாலையில் உனக்குக் கீழே வேலை செய்கிறவர்களைப் பற்றிப் போன மாதம் என்ன சொன்னாய்? “அதுங்களுக்குச் சொன்னா வெளங்காதும்மா.” அதுங்களாம். ஆடு மாடா அவர்கள்? நானும் உன் அப்பாவும் உன்னைப் பெற்ற நாளில் யாரோ ஒரு மேலாளர் வாயில் அதுங்களாகத்தான் இருந்தோம்.

பெண் பார்க்க மாலதியின் வீட்டுக்கு முதல் தடவை போனோமே, அப்பாவுக்கு வேலை இருக்கிறது என்று சொல்லி அவரை விட்டுவிட்டு, நீயும் நானும் மாமாவும். அவள் அப்பா மரியாதையாகத்தான் கேட்டார், “தம்பியோட அப்பா என்ன செய்றாங்க?” என்று. நீ கண் சிமிட்டாமல் சொன்னாய், “கன்ஸ்ட்ரக்‌ஷன் லைன்ல இருக்காரு.” மாமா தலையாட்டினார். நான் தட்டில் இருந்த முறுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா பழைய ஈயச் சுரங்கக் குட்டைப் பக்கம் லோரியில் மணல் ஏற்றுகிறார். காலையிலிருந்து சாயங்காலம் வரை குனிந்து நிமிர்ந்து, குனிந்து நிமிர்ந்து, அந்த முதுகில்தான் நீ டிப்ளோமா வாங்கினாய். அதைச் சொல்ல அன்றைக்கு எனக்கும் வாய் வரவில்லை. அதனால் உன்னை மட்டும் திட்டிவிட்டு நான் நல்லவளாகிவிட முடியாது. என் பங்கு இதைவிடப் பெரியது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ரப்பர் தோட்டத்தில் பெரட்டு உனக்கு லேசாக நினைவிருக்கும். விடியும் முன்னால் வேலையாட்கள் எல்லாரும் ஆபீஸ் முன்னால் வரிசையாக நிற்க, மேற்பார்வை மண்டோர் பேர் கூப்பிடுவார். அவரவர் குரல் கொடுத்தால்தான் அன்றைக்கு வேலை. உன் அப்பாவின் பேரை அந்த மண்டோர் வேண்டுமென்றே கடைசியாகக் கூப்பிடுவார். அவர் “இருக்கேன்” என்பார். “என்னடா, காதுல விழல” என்பார் மண்டோர். மறுபடியும் சொல்வார். “ஒரு தடவ வாயால சொல்லுடா, மூக்கால சொல்றியே” என்று மண்டோர் சொன்னதும் வரிசை முழுக்கச் சிரிக்கும். காலையில் காப்பித் தண்ணி இல்லாதவர்களுக்குக்கூட அந்தச் சிரிப்பு இருந்தது. நானும் சிரித்தேன். எனக்கு அப்போது பதினெட்டு வயது. அவரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று தெரியாது. தெரிந்திருந்தாலும் சிரித்திருப்பேனோ என்னவோ.

பிறகு எங்கள் இருவருக்கும் பால்மரத்தில் பக்கத்துப் பக்கத்து நிரை விழுந்தது. மரத்துக்கு மரம் போய்க் கோடு கீறும்போது கை வேலை செய்யும், காது சும்மா இருக்கும். அவர் அந்தப் பக்கத்து மரத்தடியில் நின்று ஏதாவது சொல்வார். முதல் வாரம் ஒன்றும் விளங்கவில்லை. இரண்டாவது வாரம் பாதி விளங்கியது. ஒரு மாதத்தில், கொசுக்கடிக்கு நடுவில், மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நான் சிரித்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை அவரைப் பார்த்து அல்ல, அவர் சொன்னதைக் கேட்டு. மண்டோர் நடப்பதை, துரையின் நாய் மண்டோரைப் பார்த்துப் பயப்படுவதை, என் அண்ணன் மைக்கைப் பிடிப்பதை எல்லாம் ஒரு வரியில் சொல்லிவிடுவார். “உங்க அண்ணன் பேசுனா மைக்குக்கே கொட்டாவி வருது” என்றது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தத் தோட்டத்திலேயே பெரிய வாயாடி உன் அப்பாதான். நின்று கேட்ட ஒரே ஆள் நான் என்பதால் அது யாருக்கும் தெரியாமல் போயிற்று.

கல்யாணத்துக்குப் பிறகு பெரட்டில் அவரைப் பார்த்து யாரையும் சிரிக்க விடக்கூடாது என்று நான் ஒரு வேலை செய்தேன். மண்டோர் அவர் பேரைக் கூப்பிட்டதும் அவர் வாயைத் திறப்பதற்குள் நான் “இருக்காரு” என்று குரல் கொடுத்துவிடுவேன். வீட்டுக்காரருக்காகப் பெண்சாதி, பெண்சாதிக்காக வீட்டுக்காரர் என்று குரல் கொடுப்பது அங்கே நடக்கிறதுதான். மண்டோரும் விட்டுவிட்டார். சிரிப்பு நின்றது. நான் பெரிய உபகாரம் செய்துவிட்டதாக நினைத்தேன். அவர் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வார்? நான் கேட்கவே இல்லை. கடையில் அவருக்காக நான் பேசினேன், ஆஸ்பத்திரியில் நான் பேசினேன், கோயில் கூட்டத்தில் நான் பேசினேன். பத்து வருஷம் அப்படியே ஓடிற்று.

எழுபதுகளின் தொடக்கத்தில், குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர்கள் வேலை செய்யவே பெர்மிட் எடுக்க வேண்டும் என்று வந்தது உனக்குத் தெரியாது. நீ அப்போது பம்பரம் விட்டுக்கொண்டிருந்தாய். என் அப்பா என் பிறப்பைப் பதிந்து வைத்திருந்ததால் என்னிடம் குடிமக்களுக்குத் தரும் நீலக் கார்டு. உன் அப்பா அதே தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர், ஆனால் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அதனால் பிறந்த மண்ணிலேயே வந்தேறி. குடியுரிமைக்கு எழுதிப் போட்டோம். நாலு மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள். மலாயில் கேள்வி கேட்பார்கள், வாயால் பதில் சொல்ல வேண்டும், அதுதான் பரீட்சை. உன் அப்பாவுக்கு மலாய் என்னைவிட நன்றாகத் தெரியும். பக்கத்து மலாய்க் கம்பத்துப் பையன்களோடு ஆற்றில் மீன் பிடித்து வளர்ந்தவர். என் மலாய் சந்தையில் தக்காளி பேரம் பேசுகிற அளவுதான்.

ஈப்போவில் அந்த ஆபீஸில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நான் கல்யாணச் சேலை. பேரைக் கூப்பிட்டார்கள். பெண்சாதியும் கூட வரலாம் என்றார்கள், போனேன். ஆபீசர் சின்ன வயது, முகத்தில் கடுப்பே இல்லை. “கெர்ஜா ஆப்பா?” என்று கேட்டார், என்ன வேலை என்று. உன் அப்பா, பால்மரம் வெட்டுகிறேன் என்று சரியான மலாயில் சொன்னார். மூக்கில் போயிற்று. பக்கத்து மேசையில் டைப் அடித்துக்கொண்டிருந்த ஒருவர் தலையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். ஆபீசர் சிரிக்கவில்லை. கேட்பதற்காகக் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். உன் அப்பாவும் திரும்பச் சொல்ல வாயைத் திறந்தார்.

எனக்கோ அந்த ஒரு சிரிப்பு போதுமாக இருந்தது. பெரட்டு வரிசை முழுக்க அங்கே வந்து நின்றுவிட்டது. பத்து வருஷப் பழக்கம், வாய் தானாகத் திறந்துவிட்டது. “டியா தா பண்டாய் சாக்காப், துவான். சாயா சாக்காப்” என்றேன். இவருக்குப் பேசத் தெரியாது ஐயா, நான் பேசுகிறேன் என்று. பேசிக் காட்டுவதற்காகக் கூப்பிட்ட இடத்தில், கட்டின பெண்சாதி, இவருக்குப் பேசத் தெரியாது என்று வாக்குமூலம் கொடுத்தேன். நான் யாருக்காகக் குரல் கொடுத்தாலும் செல்லும் என்று நினைக்க அது என்ன தோட்டமா?

ஆபீசர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். அவரேதான் பேச வேண்டும் அம்மா என்றார். “போலே சாக்காப்கா, என்சிக்?” என்று அவரிடமே கேட்டார், பேச முடியுமா என்று. உன் அப்பா பதில் சொல்லவில்லை. முடியாமல் அல்ல. என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். காகிதத்தில் ஏதோ எழுதினார்கள். பிறகு ஒரு தடவை வரலாம் என்றார்கள். அவர் போகவே இல்லை. பஸ்ஸில் திரும்பும்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னார். “நான் சொல்லியிருப்பேன்.” அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் நீ பார்த்ததுதான், காரணம் மட்டும் தெரியாது. தோட்டம் கை மாறி லயத்தைக் காலி பண்ணச் சொன்னபோது மற்றவர்களுக்கு நகராட்சியில் தெரு வேலையாவது கிடைத்தது. நீலக் கார்டு கேட்டார்கள், இவரிடம் இல்லை. கார்டு கேட்காத வேலை மணல் வேலைதான். சிவப்புக் கார்டோடு இந்த வயதிலும் அதைத்தான் செய்கிறார். அவர் முதுகு வளைந்ததற்கு மணல் பாதி காரணம், நான் பாதி. என் வெட்கத்துக்கு அவர் மண் சுமந்தார். இதை எழுதத்தான் வேண்டும். அவர் உளறுகிறார் என்று நீ சொன்னது புதிதல்ல என்பதற்காக எழுதுகிறேன். அதை முதலில் அரசாங்கத்திடமே போய்ச் சொன்னவள் உன் அம்மா. ஞாயிற்றுக்கிழமை உன் வாயில் கேட்டது என் குரல். அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

ஆனால் உனக்கு ஒரு விஷயம் சொல்கிறேன், இதில் நீ என்னைவிட மோசம். எனக்கு அவர் பேச்சை ஒரு மாதம் கற்க வேண்டியிருந்தது. உனக்கு அது தாய்மொழி. நாலு வயதில் அவர் தோளில் உட்கார்ந்து மளிகைக் கடைக்குப் போவாய். அவர் கேட்பார், கடைக்காரர் முழிப்பார், நீ மேலேயிருந்து, “அப்பா அரைக் கிலோ சீனி கேக்குறாரு, ஒனக்குக் காது கேக்கலியா?” என்பாய். ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது உனக்கு. எந்த வருஷம் புரியாமல் போயிற்று? இடைநிலைப் பள்ளிக்குப் போன வருஷமா? பெற்றோர் கூட்டத்துக்கு வந்த கடிதத்தை என்னிடம் மட்டும் காட்டி, “நீங்க மட்டும் வாங்கம்மா” என்றாயே, அன்றைக்கா? புரிந்ததைப் புரியாமல் ஆக்கிக்கொள்வதற்கும் ஒரு படிப்பு வேண்டும்போல. அதையும் அவர் மணலில்தான் படித்தாய்.

இதுவரை செவ்வாய்க்கிழமை எழுதினேன். தபாலில் போடுமுன் உன் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று வைத்திருந்தேன். அதற்குள் ஒன்று நடந்துவிட்டது. இன்று வெள்ளி. மிச்சத்தை எழுதுகிறேன்.

புதன்கிழமை சாயங்காலம் மாலதி இங்கே வந்தாள். ஆமாம், உன் மாலதிதான். அவள் அண்ணியோடு வளையல் வாங்க ஈப்போவுக்கு வந்திருக்கிறாள். மழை பிடித்துக்கொண்டது, பஸ்ஸுக்கு நேரம் இருந்தது, அண்ணிதான், “நிச்சயத்துக்கு முன்னால போகலாமோ என்னமோ, மழைக்கு ஒதுங்குனதா இருக்கட்டும்” என்று அழைத்து வந்திருக்கிறாள். நான் துண்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே உன் அப்பா சைக்கிளில் வந்து இறங்கினார். காலிலும் கையிலும் மணல், சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. ஒளிப்பதற்கு எனக்கு நேரம் இல்லை. நேரம் இருந்திருந்தால் ஒளித்திருப்பேன், அந்த யோசனை வந்தது உண்மை.

அவர் குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பழக்கப்படி, “இவருதான் மாமா, அதிகம் பேச மாட்டாரு” என்று தொடங்கினேன். அவர் என்னைப் பார்த்தார். ஈப்போ ஆபீஸில் பார்த்தாரே, அதே பார்வை. நான் அப்படியே நிறுத்திக்கொண்டு காப்பி போட எழுந்து போனேன். அடுப்படியில் நின்று இரண்டு கையாலும் தகரத் தட்டைப் பிடித்துக்கொண்டேன், ஓடிப்போய்ப் பதில் சொல்லிவிடக் கூடாது என்று.

அவள் கேட்டாள், “மாமா, வேல எங்க இப்ப?” அவர் சொன்னார். அவளுக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று அவள் குரலில் வெட்கமும் இல்லை, சிரிப்பும் இல்லை. நாற்காலியைக் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொள்கிற சத்தம் கேட்டது. “மெதுவா சொல்லுங்க மாமா, எனக்கொண்ணும் அவசரம் இல்ல” என்றாள். அவர் மறுபடியும் சொன்னார். “மணலா? மணல் ஏத்துறீங்களா? லோரில?” என்றாள். “ஆமா” என்றார். “ஒரு நாளைக்கு எத்தன லோரி?” என்றாள். அவர் சொன்னார். பிறகு குட்டையைப் பற்றிச் சொன்னார், கூட வேலை செய்யும் சீனத் தாத்தாவைப் பற்றிச் சொன்னார், லோரி டிரைவர் பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்து மதியச் சோற்றை நசுக்கிய கதையைச் சொன்னார். கால் மணி நேரத்துக்குப் பிறகு அவள் திரும்பக் கேட்பது குறைந்தது. அரை மணி நேரத்தில் இரண்டு பெண்களும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் போட்ட காப்பி ஆறிப்போய்விட்டது. எடுத்துக்கொண்டு போகவில்லை. என் வீட்டில் உன் அப்பா என்னை நடுவில் வைக்காமல் விருந்தாளியோடு பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சுவரில் சாய்ந்து அழுதேன், சொல்வதற்கென்ன.

மழை விட்டதும் அண்ணி முன்னால் இறங்கிப் போனாள். மாலதி செருப்பைப் போட்டுக்கொண்டே என்னைக் கேட்டாள். குரலில் கோபம் இல்லை. “அத்தே, மாமா செய்றது நல்ல வேலதானே. எங்கப்பாகிட்ட உங்க மகன் வேற என்னமோ சொன்னாங்களே. என்கிட்ட ஏன் மறைச்சாங்க?”

பதில் என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவன் சின்னப் பையன், வெட்கப்பட்டுவிட்டான், நீ ஒன்றும் மனசில் வைத்துக்கொள்ளாதே என்று உனக்காகப் பேசிச் சமாளித்திருப்பேன். எனக்குத்தான் கை வந்த கலையாயிற்றே, யார் பேரைக் கூப்பிட்டாலும் நான் குரல் கொடுப்பது. இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டேன். “அவன்கிட்டயே கேளும்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நிச்சயத்தில் உன் அப்பாதான் எழுந்து பேசுவார். பெரிய மாமாவிடம் நேற்றே போய்ச் சொல்லிவிட்டேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், வைத்துக்கொள்ளட்டும். குழாயடியில் நேற்றுக் காலையிலிருந்து மறுபடியும் சத்தம் கேட்கிறது.

மாலதி ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்கும்போது கேட்பாள், சொல்லிவிட்டுத்தான் போனாள். பதிலைத் தயார் பண்ணிக்கொள். திக்கும், குழறும், பாதியில் நின்று போகும். பயப்படாதே. அவளுக்கு அவசரம் இல்லையாம். நீ சொல்லி முடிக்கும் வரைக்கும் உட்கார்ந்திருப்பாள்.

அம்மா